வீட்டில் ஒரு கலர்

எங்கள் ஊரில் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "டேய், ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா." கலர் என்றால் இங்கே வண்ணம் அல்ல. சோடாவோடு இனிப்பும் நிறமும் வாசனையும் சேர்ந்த பானம். காபி தினமும் வீட்டில் கிடைப்பது. கலர் விருந்தாளிக்கு மட்டும். அவர் புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பாரா என்று கதவோரம் நின்று பார்த்த தலைமுறை எங்களுடையது.

கலர் வாங்கப் போகும் கடையின் பின்கட்டில் ஓர் இயந்திரம் இருந்தது. இரும்புச் சட்டத்துக்குள் புட்டிகளைப் படுக்கவைத்து இறுக்கி, பக்கத்தில் நின்ற உருளையிலிருந்து வாயுவைத் திறந்துவிட்டு, சோடாக்காரர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். புட்டிகள் தலைகீழாகப் போய்ப் போய் நிமிரும். நிறுத்தியதும் ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் கோலிக்குண்டு கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருக்கும். "எதுக்குண்ணே சுத்துறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "சுத்தலைன்னா கேஸ் ஏறாதுடா தம்பி" என்றார். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் இயற்பியலைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது ஒரு கலர்தான். கடையில் விற்கும் சாயமும் செயற்கை மணமும் இல்லாமல், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை வைத்து. கூடவே ஒரு நிபந்தனை: அதில் மது துளியும் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனை சும்மா ஒப்புக்குச் சொல்வதுபோலத் தெரியலாம். பழச்சாற்றில் யார் மது சேர்க்கப்போகிறார்கள்? நாம் சேர்க்க வேண்டியதில்லை. நுரைக்கும் பானத்தில் அது தானாகவே வந்து சேரும். வாயுவும் மதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்றை மட்டும் வீட்டுக்கு அழைத்துவருவது எப்படி என்பதுதான் நம் கேள்வி.

பீர்த் தொட்டிக்கு மேலே

சோடாவின் கதையே ஒரு மதுத் தொட்டியின் மேல்தான் தொடங்குகிறது. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் குடிவந்தார். பின்னாளில் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்ற அதே பிரீஸ்ட்லி. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் பீர் வடிக்கும் ஆலை இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்று கனமாகப் படிந்து நின்றது. எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்தது. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் அந்தக் காற்றை ஏற்கெனவே ஆராய்ந்து, 'நிலைத்த காற்று' என்று பெயரும் வைத்திருந்தார். நாம் கரியமில வாயு என்கிறோம்.

பிரீஸ்ட்லி அந்தத் தொட்டிக்கு மேலே இரண்டு பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். நம் டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுவாரே, அப்படி. சில நிமிடங்களில் தண்ணீருக்கு ஒரு சுருக்கென்ற சுவை வந்துவிட்டது. இயற்கை ஊற்றுகளில் கிடைத்த, காசு கொடுத்து வாங்கிக் குடித்த நீரின் அதே சுவை.

1772இல் இதை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்குள் அவர் பீர்த் தொட்டியை விட்டு விலகியிருந்தார். சுண்ணக்கட்டியின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றி வாயுவை எடுத்து, ஒரு விலங்கின் சிறுநீர்ப்பையில் பிடித்து, அதைத் தண்ணீர்ப் புட்டிக்குள் அழுத்தினார். நூத் என்ற மருத்துவர், இப்படிச் செய்த தண்ணீரில் சிறுநீர் வாடை அடிக்கிறது என்று குறைசொல்லி, முழுக்கக் கண்ணாடியாலான வேறொரு கருவியைச் செய்தார். பிரீஸ்ட்லிக்குக் கோபம் வந்தது என்பது வரலாறு. எனக்கென்னவோ நூத் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனாலும் 1773இல் ராயல் சொசைட்டி தன் உயரிய காப்ளி பதக்கத்தைப் பிரீஸ்ட்லிக்கு அளித்தபோது, சோடாத் தண்ணீரும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது.

சோடா எப்படிப் பதக்கம் வரை போனது? மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் மாலுமிகளின் ஈறுகள் அழுகி, பல் விழுந்து, உயிரே போகும் ஸ்கர்வி நோயை இந்தத் தண்ணீர் குணமாக்கும் என்று அவரும் மற்றவர்களும் நம்பினார்கள். அதே 1772இல் புறப்பட்ட கேப்டன் குக்கின் இரண்டாவது கடல் பயணத்துக்கு இந்தச் செய்முறை போய்ச் சேர்ந்தது. நம்பிக்கை தவறு. ஸ்கர்விக்குத் தேவை வைட்டமின் சி. எலுமிச்சையும் ஆரஞ்சும் தின்றவர்கள் தேறுகிறார்கள் என்பதை ஜேம்ஸ் லிண்ட் 1747லேயே ஒரு கப்பலில் சோதித்துக் காட்டியிருந்தார். பிரீஸ்ட்லி தன் சோடாவில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்திருந்தால் நோயும் தீர்ந்திருக்கும், லெமன் சோடா கண்டுபிடித்த பெருமையும் கிடைத்திருக்கும்.

அவர் இதிலிருந்து காசு பார்க்கவில்லை. பார்த்தவர் ஜெனீவாவில் கடிகாரமும் நகையும் செய்துவந்த யாக்கோப் ஷ்வெப். 1783இல் அங்கே சோடா வியாபாரத்தைத் தொடங்கி, பிறகு லண்டனுக்குப் போனார். இன்றும் அவர் பெயரில் புட்டிகள் விற்கின்றன. நம் கோலி சோடாப் புட்டியும் லண்டன்காரர் ஒருவரின் யோசனைதான். ஹைரம் காட் என்பவர் 1872இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேல்நோக்கித் தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அடைபட்டிருப்பதே கதவையும் சாத்திக்கொள்கிறது. பிறந்த ஊரில் அந்தப் புட்டி மறைந்துவிட்டது; நம்மூரிலும் ஜப்பானிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

குளிர்தான் முதல் சரக்கு

தண்ணீரில் வாயு எவ்வளவு கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவுசெய்கின்றன. ஒன்று அழுத்தம். மேலேயிருந்து எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு உள்ளே போகும். 1803இல் வில்லியம் ஹென்றி இதை அளந்து சொன்னார். அவர் பெயரிலேயே விதியாக நிற்கிறது. மற்றொன்று வெப்பம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், வாயு நேர்மாறு. தண்ணீர் சூடானால் வாயு மூலக்கூறுகள் துள்ளி வெளியேறிவிடும்.

சோடாத் தொழிலில் இதை மடங்குக் கணக்கில் அளப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் ஒரு மடங்கு. எடையில் சொன்னால் லிட்டருக்குச் சுமார் 2 கிராம். கடையில் விற்கும் சோடாவில் 3 முதல் 4 மடங்கு வரை இருக்கும்.

கூடுதல் அழுத்தம் எதுவும் இல்லாமல், தண்ணீரின் மேல் வெறும் கரியமில வாயு சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறைநிலைக்கு அருகே 1.7 மடங்கு வரை கரையும். 20 டிகிரியில் அதுவே 0.9ஐத் தொடாது. நம் சித்திரை மாதத்து அறைக்குள், 30 டிகிரிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு மடங்குகூடத் தேறாது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். 4 மடங்கு வாயு ஏற்றிய புட்டி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும்போது உள்ளே சுமார் 2.7 வளிமண்டல அழுத்தம்தான். அதையே வெளியே எடுத்து 30 டிகிரியில் வைத்தால் 6 வளிமண்டலம். புட்டியும் அதே, வாயுவும் அதே. வெயில் மட்டும் சேர்ந்தது. வண்டியின் பின்சீட்டில் மத்தியானம் முழுக்கக் கிடந்த புட்டியைத் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, சட்டையைத் துவைத்திருப்பார்கள்.

ஆகவே வீட்டில் கலர் செய்ய நினைப்பவர் முதலில் தேட வேண்டியது பழமோ இயந்திரமோ அல்ல. குளிர். தண்ணீரை முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் உள்ளடுக்கில் வைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தை வைத்து வாயு ஏற்றினாலும், அது குடிக்கும் வாய்க்குப் போய்ச்சேராது, அறைக்குள்தான் போகும்.

சோடாக்காரர் ஏன் சுற்றினார் என்பதும் இங்கே தெளிவாகும். வாயு, தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். புட்டி சும்மா நின்றால் அந்தப் பரப்பு ஒரு ரூபாய்க் காசு அகலம். மேல்மட்டத் தண்ணீர் நிறைந்துவிடும், அடியில் இருப்பதற்கு ஒன்றும் கிடைக்காது. சுற்றிக் குலுக்கினால் பரப்பு பலமடங்கு பெருகும், மேலும் கீழும் கலக்கும். அழுத்தம் எவ்வளவு போகலாம் என்பதைச் சொல்கிறது. குலுக்கல் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதைச் சொல்கிறது. பிரீஸ்ட்லி டீ ஆற்றியதும் இதற்காகத்தான்.

அந்தச் சுருக் எங்கிருந்து வருகிறது?

குமிழிகள் நாக்கில் வெடிப்பதால்தான் சுருக்கென்று இருக்கிறது என்று வெகுகாலம் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். ஆனால் சில மலையேறிகளுக்கு ஒரு விசித்திர அனுபவம் உண்டு. உயரத்தில் வரும் தலைவலியையும் குமட்டலையும் தடுக்க அசெட்டஸோலமைடு என்ற மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள். அதைப் போட்டபின் சிகரத்தில் கொண்டாட்டமாக பீரையோ சோடாவையோ திறந்தால், குமிழி வரும், சுருக் வராது. பாத்திரம் கழுவின தண்ணீர்போல இருக்கும்.

காரணம் ஒரு நொதி. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று பெயர். கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து ஒரு நொடிக்குள் அமிலமாக மாற்றிவிடும். புளிப்பை உணரும் செல்களின் மேல் இதன் ஒரு வகை ஒட்டிக்கொண்டிருப்பதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் நாக்கில் காட்டினார்கள். அந்த மாத்திரை இந்த நொதியைத்தான் முடக்குகிறது. 2013இல் இன்னொரு குழு, ஆட்களை உயர் அழுத்த அறைக்குள் உட்காரவைத்து சோடா குடிக்கக் கொடுத்தது. அங்கே குமிழியே எழ முடியாது. சுருக் அப்படியே இருந்தது. நாம் சோடாவில் ரசிப்பது பெருமளவு ஓர் அமிலத்தின் சுவை. மிளகாயும் கடுகும் எரிவதை உணரும் அதே வலி நரம்புகளுக்கும் அதில் பங்கு உண்டு. இந்த வலியை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இது சமையலுக்கு எப்படி உதவும்? வாயு போன கலர் ஏன் திகட்டுகிறது என்பது புரிந்துவிட்டது அல்லவா. இனிப்பு கூடவில்லை, அதைத் தடுத்து நிறுத்திய அமிலம் ஓடிப்போய்விட்டது. ஆகவே சாறு தயாரிக்கும்போது வெறும் வாயில் சுவை பார்த்து "இனிப்பு அதிகமோ" என்று பயப்படாதீர்கள். குளிரும் வாயுவும் சேர்ந்தால் இனிப்பு அடங்கும்.

ஆப்ப சோடா, ஈஸ்ட், உருளை

இனி வாயுவை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்போம். அடுக்களையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஆப்ப சோடா. எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை போட்டால் பொங்குகிறதே, அதையே பெரிய அளவில் செய்தால் என்ன? கணக்குப் போட்டால் ஆசை போய்விடும். ஒரு லிட்டருக்கு 3 மடங்கு, அதாவது 6 கிராம் வாயு வேண்டும் என்றால் 11 கிராமுக்கு மேல் ஆப்ப சோடா வேண்டும். அதற்குள் இருக்கும் சோடியம் மட்டும் 3 கிராமைத் தாண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றிலும் சேர்த்தே 2 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் பொங்கும் வாயுவில் பெரும்பகுதி திறந்த பாத்திரத்திலிருந்து பறந்துவிடும். மிஞ்சுவது உப்புக் கரிக்கும் தண்ணீர்.

பன்னீர் திராட்சையில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். அதன் கருஞ்சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலம் பாய்ந்து கடைசியில் பச்சையாகும். ஆப்ப சோடா கொஞ்சம் கூடிப்போனால், நீங்கள் ஆசையாகச் செய்த கலர் மழைக்காலத்துக் குட்டைத் தண்ணீரின் நிறத்துக்குப் போய்விடும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல சோதனை. விருந்தாளிக்குக் கொடுக்க உகந்ததல்ல.

அடுத்தது ஈஸ்ட். வெல்லத் தண்ணீரில் அன்னாசித் தோலைப் போட்டு இரண்டு நாள் மூடிவைத்தால் மெல்ல நுரைக்கும். மெக்சிகோவில் தெபாச்சே என்று தெருவில் விற்பது இதுதான். இஞ்சியும் சர்க்கரையும் போட்டு நுரைக்கவைப்பதும் உண்டு. சுவை அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஈஸ்ட் சர்க்கரையை எப்படி உடைக்கிறது என்று பாருங்கள். 180 கிராம் குளுக்கோஸில் 88 கிராம் கரியமில வாயுவாகவும் 92 கிராம் எத்தனாலாகவும் மாறுகிறது. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. வாயு வேண்டும், மது வேண்டாம் என்று ஈஸ்டிடம் பேரம் பேச முடியாது. லிட்டருக்கு 6 கிராம் வாயு அது தந்தால், 6 கிராமுக்குச் சற்று மேலே எத்தனாலும் தந்தே தீரும். அளவில் அது சுமார் 0.8 சதவீதம். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானம். அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்றால் 2 மடங்கு வாயுவைக்கூட எட்ட முடியாது. இயற்கையாக நொதித்த, நன்றாகப் பொங்கும், மதுவே இல்லாத பானம் என்று யாராவது சொன்னால், மூன்றில் ஒன்று பொய்.

நமக்கு இது புதிதல்ல. பதநீர் இறக்குபவர் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது எதற்கு? சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலைதூக்காது. தடவ மறந்தால் அதே பாளை, அதே சாறு, நுரைத்துக் கள்ளாகிவிடும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. இட்லி மாவு இரவில் பொங்குவதும் இந்தக் குடும்பத்துச் சமாச்சாரம்தான். அங்கே முக்கிய வேலைக்காரர் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. புளிப்பும் வாயுவும், கூடவே கொஞ்சம் எத்தனாலும் தரும். இட்லி வேகும்போது அது ஆவியோடு போய்விடுகிறது. குளிர்பானத்தை யாரும் ஆவியில் வேகவைப்பதில்லை.

பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மார்க்க நெறிப்படி மதுவைத் தொடாதவர்களுக்கும், குடியிலிருந்து மீண்டு வருபவர்களுக்கும் கொடுக்கும் பானத்தில் 0.8 சதவீதத்தை "அது கொஞ்சம்தானே" என்று நாமாக முடிவுசெய்யக் கூடாது என்பது என் கட்சி.

ஆபத்து இன்னொன்றும் உண்டு. கலரில் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை சாதாரணம். ஷாம்பெயின் செய்பவர்கள் புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்க லிட்டருக்கு வெறும் 24 கிராம் சர்க்கரைதான் சேர்க்கிறார்கள். அதற்கே 6 வளிமண்டல அழுத்தம் வந்துவிடுகிறது. அதைத் தாங்கவே அந்தப் புட்டி அவ்வளவு தடிமன். 100 கிராமையும் ஈஸ்ட் தின்றால்? நான் ஒருமுறை அன்னாசிச் சாற்றைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, மேல் அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அலமாரிக் கதவில் கண்ணாடித் துண்டுகள் பதிந்திருந்தன. வீட்டில் யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம். நொதிக்கும் எதையும் கண்ணாடியில் இறுக மூடாதீர்கள்.

ஆப்ப சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் தனிப் புட்டியில் கலந்து, குழாய் வழியாக வாயுவை மட்டும் பானத்துக்குள் அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். வேதியியல் சரிதான், பிரீஸ்ட்லியின் வழியும் அதுதான். ஆனால் 25 கிராம் ஆப்ப சோடா முழுதாக வேலை செய்தால் 13 கிராம் வாயு, அதாவது 6 லிட்டருக்கு மேல் வரும். அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் இல்லாத மூடிய புட்டிக்குள் இதைச் செய்வது விளையாட்டல்ல. உலர் பனிக்கட்டியைப் புட்டியில் போட்டு மூடுவது அதைவிட மோசம்; அது குண்டு.

மிஞ்சுவது உருளை. வீட்டுச் சோடா இயந்திரமோ, சைஃபன் புட்டியோ எதுவானாலும் சரி. சைஃபனுக்குப் போடும் சிறு உருளையில் 8 கிராம் வாயு இருக்கும். ஒரு லிட்டர் சில்லென்ற தண்ணீருக்கு அது முழுதும் கரைந்தால் 4 மடங்கு. வாங்கும்போது பெயரைப் படியுங்கள். கேக் கடைக்காரர்கள் கிரீம் பொங்கவைக்கப் பயன்படுத்தும் உருளையும் பார்க்க இதேபோல இருக்கும். அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. குமிழி வரும், அமிலம் வராது, சுருக் துளியும் இருக்காது. எந்த இயந்திரமும் வேண்டாம் என்பவர்கள் கடையில் சாதா சோடா வாங்கிக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சோடாவைவிடச் சாறுதான் நம் கைவண்ணம்.

திராட்சை

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. விதை உண்டு, தோல் தடிமன், தின்ன வசதியில்லை என்று நகரத்துப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். ஆனால் மணம் அதில்தான். விதையில்லாப் பச்சைத் திராட்சையில் நிறமும் வராது, மணமும் வராது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவைக் குடித்து வளர்ந்தவர்களுக்குத் திராட்சையும் சோடாவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நாக்குக்கே தெரியும்.

அரைக் கிலோ திராட்சையை நன்றாகக் கழுவி உதிர்த்து, அரை டம்ளர் தண்ணீரோடு அடுப்பில் சிறு தீயில் வையுங்கள். கொதிக்க விடாதீர்கள், மணம் முழுக்க ஆவியில் போய்விடும். தோல் வெடித்து நிறம் இறங்கும்வரை பத்து நிமிடம் போதும். இந்தச் சூடு இன்னொரு வேலையும் செய்கிறது. திராட்சைத் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் காட்டு ஈஸ்டுகளைக் கொல்கிறது. மத்தால் மசித்து, விதை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்தால் கசக்கும். மெல்லிய வெள்ளைத் துணியில் தானாக வடிய விடுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் சதைத்துணுக்கும் பெக்டினும் சேர்ந்து வரும்.

சதை வந்தால் என்ன, நல்லதுதானே என்று தோன்றும். சாப்பாட்டுக்கு நல்லது, சோடாவுக்கு எமன். வாயுக் குமிழி தெளிந்த தண்ணீரின் நடுவே சும்மா பிறப்பதில்லை. ஏதாவதொரு துணுக்கில், நாரின் இடுக்கில் சிக்கிய நுண்ணிய காற்றுப் பொட்டிலிருந்துதான் கிளம்பும். கண்ணாடி டம்ளரில் ஒரே இடத்திலிருந்து குமிழிகள் சரம் சரமாக எழுகின்றன அல்லவா, அங்கே பெரும்பாலும் துடைத்த துணியின் ஒரு நார் ஒட்டியிருக்கும். கூழான மாம்பழச் சாற்றில் இப்படி இடுக்குகள் எண்ணற்றவை. சோடாவை ஊற்றியதும் எல்லா வாயுவும் ஒரே நேரத்தில் நுரையாகப் பொங்கி மேசையில் வழியும். லெமன் சோடாவில் உப்பைத் தூவும்போது பொங்குவதும் இதனால்தான். உப்பை எலுமிச்சைச் சாற்றில் முன்பே கரைத்துவிட்டால் பொங்காது. அதே காரணத்துக்காக, பழச்சாற்றையே இயந்திரத்தில் வைத்து வாயு ஏற்றாதீர்கள். தண்ணீருக்கு மட்டும் ஏற்றுங்கள், சாறு கடைசியில்.

வடிந்த சாறு சூடாக இருக்கும்போதே 150 கிராம் சர்க்கரையைக் கரைத்து, ஆறியபின் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வடிகட்டிச் சேருங்கள். சேர்த்த நொடியில் நிறம் ஊதாவிலிருந்து பளிச்சென்ற சிவப்புக்கு மாறும். அடுத்து இதையும் குளிரவைக்க வேண்டும்.

சாறு கெட்டியாக இருப்பது முக்கியம். வாயு இல்லாத சாற்றைச் சேர்க்கும்போதெல்லாம் சோடா நீர்த்துப்போகிறது. நீர்த்த சாற்றைப் பாதிக்குப் பாதி கலந்தால் 4 மடங்கு 2 ஆகிவிடும். கெட்டிச் சாறு ஒரு பங்கு, சோடா நாலு பங்கு என்றால் 3 மடங்குக்கு மேல் நிற்கும். அந்தக் கலவையில் 100 மில்லிக்குச் சுமார் 9 கிராம் சர்க்கரை, கடைக் கலர்களைவிடச் சற்றுக் குறைவு. அதனால் இதை ஆரோக்கிய பானம் என்று நான் சொல்ல மாட்டேன். 200 மில்லி டம்ளரில் 18 கிராம் போகிறது. விருந்தாளிக்கு மட்டும் கலர் என்ற பழைய வழக்கத்தில் அறிவு இருந்தது.

கலக்கும் விதம்: குளிர்ந்த டம்ளரில் முதலில் சாறு. பிறகு டம்ளரைச் சாய்த்து, சோடாவைப் பக்கவாட்டில் மெதுவாக வழியவிடுங்கள். மேலிருந்து ஊற்றாதீர்கள், பிரீஸ்ட்லி ஆற்றி ஆற்றி ஏற்றியதை நாம் ஆற்றி ஆற்றி இறக்கிவிடுவோம். கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிக் கலக்கினால் போதும். ஐஸ் போட வேண்டுமென்றால் ஒரு நொடி தண்ணீரில் அலசிப் போடுங்கள். உறைவிப்பானிலிருந்து வரும் கட்டியின் சொரசொரப்பு குமிழிகளுக்குத் தொட்டில். உடனே குடியுங்கள். மேற்பரப்பில் வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் நுண்துளிகளை மேலே தெறிக்கவைக்கிறது. ஷாம்பெயினில் அந்தத் துளிகளை ஆராய்ந்தவர்கள், மணப்பொருட்கள் பானத்தில் இருப்பதைவிட அவற்றில் செறிந்திருப்பதைக் கண்டார்கள். டம்ளரை உதட்டருகே கொண்டுபோகும்போதே பன்னீர் திராட்சை மூக்கில் ஏறுவது அதனால்தான்.

மிச்சச் சாற்றை வெந்நீரில் கழுவி உலர்த்திய புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். எடுக்கும்போது ஈரக் கரண்டி வேண்டாம். வாயுவே ஏற்றாத அந்தப் புட்டியைத் திறக்கும்போது "புஸ்" என்று சத்தம் கேட்டால், உள்ளே ஈஸ்ட் குடியேறிவிட்டது. கொட்டிவிடுங்கள்.